வாய்வழி எண்டோஸ்கோபி: மூச்சு, ஓங்கரிப்பு, வலி பற்றிய கேள்வி பதில்

நெஞ்செரிச்சல், வயிற்றுப் புண், விழுங்கும்போது அடைப்பு என்று எண்டோஸ்கோபிக்கு (கேமரா பொருத்திய ட்யூப்பை வாய்வழியாக வயிற்றுக்குள் விட்டுப் பார்க்கும் சோதனை) நாள் குறித்துவிட்டுப் பயந்துகொண்டிருப்பவர்களின் கேள்விகள் இவை. எண்டோஸ்கோபி அறையில் பணிபுரியும் செவிலியர் பதில் சொல்கிறார்.

கேள்வி: சிஸ்டர், ட்யூப் தொண்டைக்குள்ள போனா மூச்சு நின்னுடாதா? நினைச்சாலே கை நடுங்குது.

நிற்காது. ட்யூப் போவது உணவுக்குழாய்க்குள். மூச்சுக்குழாய் அதற்கு முன்பக்கம் தனியாக இருக்கிறது. பெரியவர்களுக்கு வழக்கமாகப் பயன்படுத்தும் ட்யூப்பின் தடிமன் 9 முதல் 10 மில்லிமீட்டர்தான். அது உள்ளே இருக்கும்போதும் மூக்கால் மூச்சு விடலாம்.

ஆனால் மூச்சு முட்டுவதுபோலத் தோன்றும், அது உண்மை. ஸ்ப்ரே அடித்துத் தொண்டை மரத்ததும், ஏதோ வீங்கி அடைத்துக்கொண்டதுபோல இருக்கும். விழுங்கினாலும் விழுங்கியதே தெரியாது. அடைப்பு எதுவும் இல்லை, உணர்ச்சி போய்விட்டது, அவ்வளவுதான். ஓங்கரிக்கும்போதும் ஓரிரு நொடி மூச்சு தடைப்பட்டுத் தானாகத் திரும்பும். இதில் பதறிப்போய் வேகவேகமாக மூச்சு வாங்கினால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, விரல் நுனியும் உதட்டோரமும் மரமரக்கும், தலை சுற்றும். பயம் இரட்டிப்பாவது அங்கேதான். விரலில் ஒரு கிளிப் மாட்டியிருப்போம். உங்கள் ஆக்சிஜன் அளவு நேரம் முழுக்கத் திரையில் ஓடிக்கொண்டிருக்கும். (நகப்பூச்சு இருந்தால் அழித்துவிட்டு வாருங்கள், அளவு தப்பாகக் காட்டலாம்.)

கேள்வி: பல் தேய்க்கும்போதே எனக்குக் குமட்டும். ஓங்கரிப்பை அடக்க வழி இருக்கா?

முழுதாக அடக்க முடியாது. நன்றாகக் குறைக்கலாம். உங்களைப் போன்றவர்கள் முன்கூட்டியே பழக வேண்டியது ஒன்றே ஒன்று: வாய் திறந்திருக்கும்போது மூக்கால் மூச்சு விடுவது. ட்யூப்பைக் கடித்துவிடாமல் இருக்கப் பற்களுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் வளையம் வைப்போம். வாய் திறந்ததும் பலருக்கு மூச்சு வாய்க்கு மாறி, தொண்டை காய்ந்து, குமட்டல் கூடுகிறது. இடப்பக்கம் சாய்ந்து படுத்து, இரண்டு விரல் நுழையும் அளவு வாயைத் திறந்து வைத்து, மூக்கால் நான்கு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடுங்கள். தினமும் ஐந்து நிமிடம் போதும். பிரஷ்ஷைத் தொண்டைக்குள் விட்டுப் பழகுகிறேன் என்று இறங்க வேண்டாம், பயந்தான் கூடும்.

அன்றைக்கு ஸ்ப்ரே கசக்கும். அதில் இருப்பது லிக்னோகெயின் என்ற மரக்கச் செய்யும் மருந்து. மரக்க இரண்டு மூன்று நிமிடம் ஆகும். மரக்காததுபோல இருந்தால் வாய்விட்டுச் சொல்லுங்கள். இந்த வகை மருந்து முன்பு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் ஸ்ப்ரேக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

படுத்ததும் முழங்காலை மடக்கி, தாடையை நெஞ்சை நோக்கித் தாழ்த்துங்கள். பயத்தில் எல்லோரும் தாடையைத் தூக்குவார்கள். தூக்கினால் ட்யூப் நுனி மூச்சுக்குழாய்ப் பக்கம் சாயும், இருமல் வரும். டாக்டர் "விழுங்குங்க" என்றதும் ஒரே ஒரு முறை விழுங்குங்கள். உணவுக்குழாயின் மேல்வாசல் அப்போதுதான் திறக்கும். சோதனையிலேயே கஷ்டமான கட்டம் அந்தச் சில நொடிகள்தான்.

அதைத் தாண்டியதும் விழுங்கவே கூடாது. எச்சில் கன்னத்தோரம் வழியட்டும், தலைக்குக் கீழே துணி விரித்திருப்போம், உறிஞ்சியும் எடுப்போம். கூச்சப்பட்டு எச்சிலை விழுங்குகிறவர்களுக்குத்தான் மறுபடி மறுபடி ஓங்கரிக்கிறது. ஒவ்வொரு விழுங்கலிலும் தொண்டை ட்யூப்பில் உரசும். நாக்கால் தள்ளாதீர்கள், கீழே கிடக்கட்டும். கண்ணை மூடினால் கவனம் தொண்டைக்குப் போகும். அதனால் சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டு, கால் விரல்களை மடக்கி மடக்கி விரியுங்கள்.

கேள்வி: மயக்க ஊசி போட்டுக்கவா, வேண்டாமா?

பயத்தில் ஏற்கெனவே தள்ளிப்போட்டவர் என்றால் போட்டுக்கொள்ளுங்கள். தாங்கிக்கொண்டதற்குப் பரிசு ஒன்றும் கிடையாது. மிடாசோலம் கொடுத்தால் அரைத்தூக்கமாக இருக்கும், நடந்ததில் பெரும்பகுதி நினைவிலேயே இருக்காது. புரோபோஃபால் என்றால் இன்னும் ஆழ்ந்த தூக்கம். தனிக் கண்காணிப்பு வேண்டும்.

ஊசி போட்டால் உங்களோடு ஒருவர் வந்தே ஆக வேண்டும். 24 மணி நேரம் வண்டி ஓட்டக் கூடாது, முக்கியப் பத்திரங்களில் கையெழுத்தும் கூடாது. குறட்டையோடு தூக்கத்தில் மூச்சு தடைப்படுகிறவர்கள், நுரையீரல் நோய் உள்ளவர்கள், தூக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், தினமும் மது அருந்துகிறவர்கள் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஊசி வேண்டும் என்பதை நாள் குறிக்கும்போதே சொல்லுங்கள். மேஜையில் படுத்த பிறகு கேட்டால் ஏற்பாடு இல்லாமல் போகலாம்.

ஊசி வேண்டாம், ஓங்கரிப்பும் வேண்டாம் என்பவர்கள் மூக்குவழி எண்டோஸ்கோபி உண்டா என்று கேட்டுப் பாருங்கள். அந்த ட்யூப் 5, 6 மில்லிமீட்டர்தான். நாக்கின் அடிப்பகுதியைத் தொடாததால் குமட்டல் குறைவு. மூக்குத் துவாரம் குறுகலாக இருந்தால் முடியாது, கொஞ்சம் இரத்தம் கசியவும் கூடும்.

கேள்வி: சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்புவாங்களாமே, வலிக்குமா?

வலிக்காது. வயிற்றின் உள்தோலில் கிள்ளினால் தெரியாது, விரிந்தால்தான் தெரியும். பார்ப்பதற்காக உள்ளே காற்று செலுத்துவதால் வயிறு உப்பும், ஏப்பம் வரும். அடக்க முடிந்தால் அடக்குங்கள், காற்று வெளியேறினால் மறுபடி செலுத்த வேண்டியிருக்கும். மொத்தமும் பெரும்பாலும் ஐந்து முதல் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

கேள்வி: காலையில ஒரு வாய் காபி மட்டும் குடிச்சுக்கலாமா?

பால் கலந்திருந்தால் கூடாது, பாலைச் சாப்பாட்டுக் கணக்கில்தான் சேர்ப்போம். சாப்பாட்டுக்குப் பொதுவாக 6 மணி நேர இடைவெளி, வெறும் தண்ணீருக்கு 2 மணி நேரம். உங்கள் மருத்துவமனை அதைவிடக் கூடுதலாகச் சொன்னால் அதையே பின்பற்றுங்கள். வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போய்விடக் கூடாது என்பதுதான் காரணம். சர்க்கரைக்கோ எடை குறைக்கவோ செமாக்ளூடைடு போன்ற ஊசி எடுப்பவர்களுக்கு வயிறு மெதுவாகத்தான் காலியாகும், முன்பே தெரிவியுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 72 வயசு. சர்க்கரைக்கு இன்சுலின், ரத்தம் உறையாம இருக்க மாத்திரை. ரெண்டையும் நிறுத்திடவா?

நீங்களாக நிறுத்தாதீர்கள். இரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையைத் திடீரென விட்டால் பக்கவாதமோ மாரடைப்போ வரும் ஆபத்து, பயாப்சியில் (டெஸ்ட்டுக்குச் சதை எடுப்பதில்) கசியும் இரத்தத்தைவிடப் பெரியது. வெறும் வயிற்றில் வழக்கமான இன்சுலினைப் போட்டால் சர்க்கரை இறங்கிவிடும். இரண்டுக்கும் அளவை அவருடைய டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்குங்கள். காலையின் முதல் நேரத்தைக் கேட்டுப் பெறுங்கள். கட்டுப்பல் இருந்தால் கழற்றி வைக்க ஒரு டப்பா, ஆடும் பல் இருந்தால் முன்பே தகவல்.

கேள்வி: நடுவுல முடியலன்னா?

கையை உயர்த்தினால் நிறுத்துவோம் என்று தொடங்கும் முன்பே டாக்டரிடம் பேசி வையுங்கள். ட்யூப்பை மட்டும் கையால் இழுக்காதீர்கள், தொண்டை கிழியலாம். வெளியே எடுத்துவிட்டு இன்னொரு நாள் மயக்க ஊசியோடு செய்துகொள்ளலாம்.

கேள்வி: முடிஞ்சதும் எப்போ சாப்பிடலாம்? தொண்டை வலி எத்தனை நாள் இருக்கும்?

மரப்பு போகும்வரை எதுவும் வேண்டாம், அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகலாம். பிறகு ஒரு வாய் தண்ணீர். இருமல் வராமல் இறங்கினால் மிதமான சூட்டில் மென்மையான உணவு. தொண்டைக் கரகரப்பு ஓரிரு நாளில் போய்விடும்.

நெஞ்சிலோ வயிற்றிலோ கூடிக்கொண்டே போகும் வலி, கழுத்து வீக்கம், மூச்சுத்திணறல், காய்ச்சல், இரத்த வாந்தி, தார் போன்ற கறுப்பு மலம் — இவற்றில் எது வந்தாலும் இரவென்றும் பார்க்காமல் அவசரப் பிரிவுக்குப் போய், எண்டோஸ்கோபி செய்த நேரத்தைச் சொல்லுங்கள். உணவுக்குழாயிலோ வயிற்றிலோ துளை விழுவது அரிது, ஆனால் விழுந்தால் மணிக்கணக்கில் காத்திருக்க முடியாது.