ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குப் பள்ளி முடிந்தபின் கம்யூனிட்டி காலேஜ் வேலைப் பயிற்சி உதவுமா?

கேட்டவர் கலிஃபோர்னியாவில் இருக்கிறார். மகளுக்கு 20 வயது, ஆட்டிசமும் லேசான அறிவுசார் குறைபாடும் உண்டு. பள்ளியில் சிறப்புக் கல்வித் திட்டம் போடும் ஐஇபி கூட்டத்தில் போன தடவை "அடுத்து கம்யூனிட்டி காலேஜ் பாருங்கள், வேலைக்குத் தயார் செய்வார்கள்" என்று சொல்லியிருக்கிறார்கள். அது நிஜமாகவே வேலை வரைக்கும் கொண்டுபோய் விடுமா, இல்லை வீட்டில் சும்மா இருக்காமல் போய்வர ஓர் இடமா என்று கேட்கிறார்.

என் மகன் அந்த வழியில் போனவன். இப்போது வாரத்துக்கு நான்கு நாள், நாளுக்கு ஐந்து மணி நேரம் ஒரு மளிகைக் கடையில் வேலை பார்க்கிறான். அதனால் உதவும் என்றுதான் சொல்வேன். ஆனால் நான் எதை எதிர்பார்த்துச் சேர்த்தேனோ அது ஒன்று, அவனுக்குக் கிடைத்தது இன்னொன்று.

முதலில் அவசரமான விஷயம். மகளுக்குப் பள்ளி என்ன சான்றிதழ் தரப்போகிறது என்று கேட்டுவிடுங்கள். வழக்கமான ஹைஸ்கூல் டிப்ளமோ வாங்கிவிட்டால் சிறப்புக் கல்வி உரிமை அன்றோடு முடிந்தது. 'சர்ட்டிஃபிகேட் ஆஃப் கம்ப்ளீஷன்' என்றால் கலிஃபோர்னியாவில் 22 வயது வரை பள்ளி மாவட்டம்தான் பொறுப்பு. 20 வயதில் அவசரப்பட்டு அந்தக் கதவை மூடிவிடாதீர்கள். டிப்ளமோ இல்லாமல் காலேஜில் எப்படிச் சேர்ப்பார்கள் என்ற பயமும் வேண்டாம். இங்கே கம்யூனிட்டி காலேஜில் 18 வயது ஆனவர்கள் டிப்ளமோ இல்லாமலும் சேரலாம். கலிஃபோர்னியாவாசிகளுக்குப் பாட யூனிட் ஒன்றுக்குக் கட்டணம் 46 டாலர், வருமானம் குறைவென்றால் அதுவும் தள்ளுபடி. பெல் கிராண்ட் என்ற அரசு உதவித்தொகைக்குப் பொதுவாக டிப்ளமோ கேட்பார்கள். ஆனால் அறிவுசார் குறைபாடு உள்ள மாணவர்களுக்காக அரசு அங்கீகரித்த சில திட்டங்களில் டிப்ளமோ இல்லாமலே அது கிடைக்கும். 2008ல் வந்த உயர்கல்விச் சட்டத் திருத்தம் தந்த வழி அது.

இனி திட்டம். கலிஃபோர்னியாவில் 'காலேஜ் டு கரியர்' என்று ஒன்று இருக்கிறது, சுருக்கமாக சி2சி. அறிவுசார் குறைபாடும் ஆட்டிசமும் உள்ள பெரியவர்களுக்கானது. மாநில மறுவாழ்வுத் துறை, இங்கே எல்லோரும் டிஓஆர் என்பார்கள், அதுதான் பணம் கொடுக்கிறது. வகுப்பும் வழிகாட்டியும் காலேஜ் தருகிறது. சான்டா ரோசா ஜூனியர் காலேஜ், காலேஜ் ஆஃப் அலமீடா போன்ற சில இடங்களில்தான் உண்டு. அதனால் முதல் வேலையாக உங்கள் பக்கத்துக் காலேஜில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றாலும் டிஎஸ்பிஎஸ் என்ற மாற்றுத்திறன் மாணவர் சேவை அலுவலகம் கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜ்களில் உண்டு. பலவற்றில் வேலைத் தயாரிப்பு வகுப்புகளும் நடக்கும். இதற்கெல்லாம் வேரைத் தேடினால் ஃபிராங்க் லான்டர்மன் என்ற சட்டமன்ற உறுப்பினரிடம் போய் நிற்கும். வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்குச் சேவைகள் ஏற்பாடு செய்யும் ரீஜனல் சென்டர் நம் பிள்ளைகளுக்குக் கிடைத்தது 1969ல் வந்த அவர் பெயர் கொண்ட சட்டத்தால். டிஎஸ்பிஎஸ் வந்தது 1976ல் அவர் கொண்டுவந்த இன்னொரு மசோதாவால்.

டிஓஆரில் மனு போட்டால் தகுதி உண்டா இல்லையா என்பதை 60 நாளுக்குள் சொல்ல வேண்டும். ஊனத்துக்காக மாதாமாதம் வரும் எஸ்எஸ்ஐ என்ற அரசு உதவிப் பணம் வாங்குகிறவர் என்றால் தகுதி உண்டு என்றே எடுத்துக்கொள்வார்கள். தகுதி முடிவான பிறகு 90 நாளுக்குள் வேலைத் திட்டம் எழுதிக் கையில் தர வேண்டும். இந்த இரண்டு எண்ணையும் மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் மனு ஒரு மேசையில் நான்கு மாதம் தூங்கியது. 60 நாள் கணக்கைச் சொல்லி ஒரு மின்னஞ்சல் போட்ட வாரமே எழுந்துவிட்டது.

"உன்னால் வேலை செய்ய முடியாது" என்று யாராவது முகத்துக்கு நேரே சொன்னால் எட் ராபர்ட்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். 14 வயதில் போலியோ வந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். உடற்பயிற்சியும் கார் ஓட்டும் வகுப்பும் முடிக்கவில்லை என்று அவருடைய பள்ளி டிப்ளமோ தர மறுத்தது. அம்மா சோனா சண்டை போட்டு வாங்கிக் கொடுத்தார். பிறகு படித்தது காலேஜ் ஆஃப் சான் மாட்டியோ, அதுவும் கம்யூனிட்டி காலேஜ்தான். மேற்படிப்புக்கு உதவி கேட்டபோது இதே மறுவாழ்வுத் துறை, இவருக்கு ஊனம் மிக அதிகம், வேலைக்குப் போக முடியாதவர் என்று முதலில் தள்ளிவிட்டது. 1975ல் ஆளுநர் ஜெர்ரி பிரவுன் அதே துறைக்கு அவரையே இயக்குநராகப் போட்டார். எனக்கு மனசு சோர்ந்த நாட்களில் சோனாவை நினைத்துக்கொள்வேன்.

சரி, எங்கள் கதை. டிஎஸ்பிஎஸ் ஆலோசகரைப் பார்க்க முதல் நாள் போனோம். பள்ளிக் காகிதமெல்லாம் ஒரு தடித்த ஃபைலில் கொண்டுபோயிருந்தேன். அந்த அம்மா நாற்காலியை என் மகன் பக்கம் திருப்பிப் போட்டு, "உனக்கு எது கஷ்டம்?" என்று அவனைக் கேட்டார். பழக்க தோஷம், நான் பதில் சொல்ல ஆரம்பித்தேன். என்னைப் பார்க்காமலே ஒரு கையை மட்டும் மெல்ல உயர்த்தினார். நிறுத்தினேன். அறையில் சத்தமே இல்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், முக்கால் நிமிஷம் இருக்கும். அப்புறம் அவன், "ஒரே நேரத்தில் நிறையப் பேசினால் கஷ்டம். எழுதித் தந்தால் நல்லது" என்றான். 19 வருஷத்தில் அவன் வாயிலிருந்து அந்த வாக்கியம் எனக்குக் கிடைத்ததே இல்லை. நான் கேட்டதும் இல்லை.

பள்ளியில் உதவியைத் தேடிக் கொண்டுவந்து தருவது பள்ளியின் சட்டக் கடமை. காலேஜில் ஊனத்தைக் காட்டி ஒதுக்கக்கூடாது என்கிற ஏடிஏ சட்டமும் 504வது பிரிவும்தான். மாணவன் தானே போய், எனக்கு இன்ன குறை, இன்ன உதவி வேண்டும் என்று கேட்டால்தான் கிடைக்கும். பெற்றோருக்குத் தகவல் சொல்லவும் அவன் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். நம் ஊர்ப் பழக்கத்தில் வளர்ந்த நமக்கு இது அவமானம் மாதிரி இருக்கும். ஃபீஸ் கட்டுவது நான், மார்க் கேட்டால் சொல்லமாட்டார்களா என்று எனக்கும் கோபம் வந்தது. ஒரு செமஸ்டர் போனபின், அந்த விதி என்னிடமிருந்து அவனைக் கொஞ்சம் காப்பாற்றியிருக்கிறது என்று புரிந்தது.

அடுத்தது பஸ். வகுப்புக்குப் போவதே பாடத்தின் பாதி. எங்கள் பே ஏரியாவில் மாற்றுத்திறனாளிகளுக்குத் தள்ளுபடியோடு கிளிப்பர் என்ற பஸ் கட்டண கார்டு தருவார்கள். ரீஜனல் சென்டர் மூலம் பஸ் பயணப் பயிற்சிக்கும் ஆள் வந்தார். அவர் பயிற்சி முடிந்தது என்று சொன்ன பிறகும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. மூன்று வாரம் பஸ்ஸுக்குப் பின்னாலேயே காரில் போனேன். ஒவ்வொரு நிறுத்தத்திலும் பஸ் நிற்க, நானும் நிற்க, பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடிக்க. ஒருநாள் ஃபோனில் குறுஞ்செய்தி வந்தது: "அம்மா, பின்னாடி வராதே. ஆபத்து." அன்றோடு விட்டேன்.

வகுப்பில் என்னதான் சொல்லிக்கொடுத்தார்கள் என்றால், பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லாத மாதிரிதான் இருக்கும். நேரத்துக்கு வருவது, வரமுடியாவிட்டால் யாரைக் கூப்பிட்டுச் சொல்வது, மேனேஜர் திட்டினால் எப்படி நிற்பது, சாப்பாட்டு இடைவேளையில் பக்கத்தில் இருப்பவரோடு எவ்வளவு பேசலாம். மாதிரி நேர்காணலில் "உன்னைப் பற்றிச் சொல்" என்றதும் இவன் பிறந்த தேதி, கிழமை, ஆஸ்பத்திரி, அன்றைக்கு மழை பெய்தது வரை சொல்லியிருக்கிறான். நிறுத்த ஏழு நிமிஷம் ஆனதாம். அதை மூன்று வாக்கியமாகச் சுருக்க ஒரு செமஸ்டர். மூன்றாவது வாக்கியம் மட்டும் அவனே எழுதியது: "தேதிகளில் நான் தவறு செய்யமாட்டேன்."

வேலை கிடைத்ததும் அந்த வாக்கியத்தால்தான். ஆனால் முதல் வேலையில் இல்லை. முதலில் ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவப் போட்டார்கள். வேலையிடத்தில் கூட நின்று பழக்கிவிடும் ஜாப் கோச் மூன்றாவது வாரமே விலகிக்கொண்டார். இரைச்சல், ஈரம், வேகம் மூன்றும் சேர்ந்து இரண்டே மாதத்தில் வேலை போயிற்று. தேடல் முழுக்கத் துடைப்பது, கழுவுவது, அடுக்குவது என்ற வட்டத்துக்குள்ளேயே சுற்றும். இந்தத் திட்டங்களில் எனக்கு இருக்கும் பெரிய குறை அதுதான். பிள்ளைக்கு எது வரும் என்று பார்க்காமல், எந்த முதலாளி சம்மதித்தார் என்று பார்த்து அனுப்புவார்கள். இரண்டாவது முறை அவன் தானே ஆலோசகரிடம் போய், "சத்தம் இல்லாத இடம். தேதி இருக்கிற இடம்" என்று கேட்டான். மளிகைக் கடையில் பால், தயிர்ப் பகுதி. காலாவதி தேதி பார்த்து, பழையதை முன்னுக்கும் புதியதைப் பின்னுக்கும் நகர்த்தும் வேலை. ஜாப் கோச் இந்த முறை ஐந்து மாதம் கூட இருந்தார். முதலில் தினமும், பிறகு வாரம் ஒருநாள்.

கோச் எத்தனை மாதம் இருப்பார், எப்படிக் குறைப்பார், பிறகு யார் பார்ப்பார்கள் என்பதைச் சேரும்போதே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வேலை நிலைத்தபின் நீண்டகால ஆதரவுக்கு ரீஜனல் சென்டர்தான் பணம் தரவேண்டி வரும். டிஓஆர் முடித்துக்கொண்டு இவர்கள் இன்னும் ஆரம்பிக்காத இடைவெளியில்தான் பல பிள்ளைகளுக்கு வேலை போகிறது. சம்பளம் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகக்கூடாது. 1938ம் வருஷ ஃபெடரல் கூலிச் சட்டத்தில் ஊனமுற்றோருக்குக் குறைத்துக் கொடுக்க ஒரு விதிவிலக்கு இருந்தது, 2025 ஜனவரியோடு கலிஃபோர்னியா அதை முழுசாக நிறுத்திவிட்டது.

வேலைக்குப் போனால் எஸ்எஸ்ஐ நின்றுவிடும் என்று லிவர்மோர் கோயில் வாசலில் என்னிடம் சொல்லாத ஆள் இல்லை. கணக்கைப் பாருங்கள். வேறு வருமானம் இல்லாதவர் மாதம் 885 டாலர் சம்பாதித்தால், முதல் 85ஐக் கணக்கில் எடுக்கமாட்டார்கள். மீதி 800ல் பாதி, அதாவது 400 டாலர்தான் எஸ்எஸ்ஐயில் குறையும். கையில் மொத்தம் கூடத்தான் செய்யும். உங்கள் மகள் 22 வயதுக்குள் படித்துக்கொண்டே சம்பாதித்தால் மாணவர்களுக்கென்று தனிக் கழிவும் உண்டு. சம்பளம் ஏறி எஸ்எஸ்ஐ பணம் நின்றாலும் ஒரு வரம்பு வரைக்கும் மெடி-கால் என்ற அரசு மருத்துவக் காப்பீடு தொடரும். உண்மையான கண்ணி வேறு இடத்தில் இருக்கிறது. வங்கியில் 2,000 டாலருக்கு மேல் சேர்ந்தால் சிக்கல். தாத்தா பாட்டி அன்பாக அவள் பெயரில் பணம் போடும் முன் ஊனமுற்றோருக்கான சேமிப்புக் கணக்கான கால்ஏபிள் ஒன்று திறந்துவிடுங்கள். அதில் ஒரு லட்சம் டாலர் வரை எஸ்எஸ்ஐ கண்டுகொள்ளாது. சம்பளச் சீட்டை மாதாமாதம் சோஷியல் செக்யூரிட்டிக்கு அனுப்பிவிடுங்கள். இரண்டு மாதம் விட்டதற்கு நாங்கள் பணத்தைத் திருப்பிக் கட்டினோம்.

விசா பற்றி நீங்கள் எழுதவில்லை. வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்துக்குத் தரும் எச்4ல் இருக்கிற பிள்ளை என்றால் வேலை அனுமதி இல்லாமல் டிஓஆர் வேலைக்கான சேவை தராது. ரீஜனல் சென்டருக்கு அந்தத் தடை கிடையாது. எச்4ம் 21 வயதோடு முடியும். மகளுக்கு 20 என்பதால், அப்படி இருந்தால் காலேஜுக்கு முன்னால் வக்கீலைப் பாருங்கள்.

தமிழ் மன்றத்தில் இன்னும் "பையன் காலேஜில் என்ன மேஜர்?" என்று கேட்கிறார்கள். முன்பெல்லாம் மழுப்புவேன். போன பொங்கலுக்கு அவனே முந்திக்கொண்டு "பால்" என்றான். கேட்டவர் டெய்ரி டெக்னாலஜி என்று நினைத்துக்கொண்டு ரொம்ப நல்ல துறை என்று பாராட்டிவிட்டுப் போனார்.

வீட்டு ஃபிரிட்ஜும் இப்போது அவன் கையில். இட்லி மாவு டப்பா ஒவ்வொன்றிலும் அரைத்த தேதி ஒட்டியிருக்கும். ஐந்தாம் நாள் காலை, நான் எழுவதற்குள் அது குப்பைக்குப் போயிருக்கும். புளித்தால்தான் தோசைக்கு நல்லது என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிட்டேன். அந்த ஒரு விஷயத்தில் என் பேச்சு எடுபடவில்லை.