ரா படங்களை (கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் மூலக் கோப்புகளை) பிராசஸ் செய்யும்போது லென்ஸ் கரெக்‌ஷனை எப்போதும் ஆன் செய்தே வைக்கலாமா? மூலைகள் மட்டும் ஏன் கெட்டுப்போகின்றன?

வைக்கலாம். ஆனால் அடோபியின் லைட்ரூம் மென்பொருளில் 'எனேபிள் ப்ரொஃபைல் கரெக்‌ஷன்ஸ்' என்று ஒரே டிக்காகத் தெரிவது உண்மையில் இரண்டு வேலை: வளைந்த கோடுகளை நிமிர்த்துவது, இருண்ட மூலைகளை வெளிச்சமாக்குவது. ப்ரொஃபைல் என்பது அந்த லென்ஸின் குறைகளை அளந்து வைத்த தரவு. நிற விளிம்புகளை நீக்குவதற்கு அதன் பக்கத்திலேயே தனி டிக் இருக்கிறது. இந்த மூன்றையும் தனித்தனியாக முடிவு செய்யுங்கள். நீங்கள் சொல்லும் மூலைப் பிரச்சினை, தேவையே இல்லாத படத்திலும் முதல் இரண்டும் முழு அளவில் ஓடுவதால்தான் வருகிறது.

முதலில் விக்னெட்டிங், அதாவது மூலை இருட்டு. எஃப் 1.4, எஃப் 1.8 என்று அபெர்ச்சரை (லென்ஸின் ஒளித் துளையை) முழுதாகத் திறந்து எடுத்தால் பல லென்ஸ்களில் மூலை வெளிச்சம் நடுவைவிட 2 ஸ்டாப் வரை குறையும். 2 ஸ்டாப் என்றால் நான்கில் ஒரு பங்கு. மென்பொருள் அந்த இடத்துப் பிக்சல் மதிப்புகளை நான்கால் பெருக்கித்தான் சமன் செய்கிறது. வெளிச்சத்தோடு நாய்ஸும் (புள்ளிக் கறைகளும்) சேர்ந்து பெருகுகிறது. ஐஎஸ்ஓ 1600-இல் எடுத்த படத்தின் மூலை, ஐஎஸ்ஓ 6400-இல் எடுத்தது போல ஆகிவிடும். பகல் வெளிச்சத்தில் ஐஎஸ்ஓ 100-இல் இது கண்ணுக்கே தெரியாது. மேடை நிகழ்ச்சி, இரவுக் காட்சி, ஷேடோவை ஏற்கனவே தூக்கிய படம் என்றால் உடனே தெரியும். அந்த மாதிரிப் படங்களில் ப்ரொஃபைலின் விக்னெட்டிங் ஸ்லைடரைக் குறையுங்கள். அது 0 முதல் 200 வரை போகும். 100 என்பது ப்ரொஃபைல் சொல்லும் முழுத் திருத்தம். போர்ட்ரெய்ட்டுக்கு 40 முதல் 60 போதும், பல படங்களில் 0-வே அழகு. கட்டடம், ஆவண நகல், விற்பனைப் பொருள் போன்ற சமமான பின்னணி உள்ள படங்களுக்கு மட்டும் முழு 100 வேண்டும்.

ஒரு முக்கியமான விஷயம்: விக்னெட்டிங் எவ்வளவு என்பது அபெர்ச்சரைப் பொறுத்தது. ப்ரொஃபைல் அதை ரா ஃபைலின் எக்ஸிஃப் தகவலில் (கேமரா பதிந்த எடுப்பு விவரங்களில்) இருந்து எடுத்துக்கொள்கிறது. அடாப்டர் போட்டு மாட்டிய பழைய மேனுவல் லென்ஸில் அபெர்ச்சர் பதிவாகாது. எஃப் 8-இல் எடுத்த படத்துக்கு எஃப் 2-க்கான திருத்தம் போய் விழுந்தால், மூலைகள் நடுவைவிட வெளுத்துப் போகும். அப்போது கண்ணால் பார்த்து ஸ்லைடரைக் குறைப்பதுதான் வழி. லென்ஸ் முன்னால் தடிமனான ஃபில்டர்களை அடுக்கியதால் வரும் கறுப்பு மூலையும் ப்ரொஃபைலுக்குத் தெரியாது. அதற்கு 'மேனுவல்' டேபில் உள்ள விக்னெட்டிங், மிட்பாயின்ட் இரண்டையும் பயன்படுத்துங்கள், அல்லது க்ராப் செய்துவிடுங்கள்.

அடுத்தது டிஸ்டார்ஷன், அதாவது கோடுகளின் வளைவு. ஜூமின் வைட் (அகலக் காட்சி) முனையில் கோடுகள் வெளிப்பக்கம் பிதுங்கும், டெலி (தூரக் காட்சி) முனையில் பெரும்பாலும் உள்பக்கம் குழியும். பிதுங்கலை நிமிர்த்த மென்பொருள் மூலைகளை வெளியே இழுக்கிறது. இழுத்த இடத்தில் இல்லாத பிக்சல்களை அக்கம்பக்கத்தில் இருந்து கணக்கிட்டு நிரப்பவேண்டும். ஏற்கனவே கூர்மை குறைந்த மூலை இன்னும் மங்குவது இதனால்தான். இழுபட்டு ஃப்ரேமுக்கு வெளியே போன பகுதியும் வெட்டுப்படும். காட்சியில் ஓரத்தை ஒட்டி ஒரு தூணோ ஆளோ இருந்தால், எடுக்கும்போதே கொஞ்சம் இடம் விட்டு எடுப்பது நல்லது.

நேர்கோடே இல்லாத காட்சிக்கு இந்த விலை எதற்கு? காடு, பறவை, பூ, போர்ட்ரெய்ட் எல்லாவற்றுக்கும் டிஸ்டார்ஷன் ஸ்லைடரை 0-வில் வைத்தாலும் யாருக்கும் தெரியாது. குழுப் படத்தில் ஓரத்தில் நிற்பவர் முகம் அகலமாகத் தெரிகிறது என்று சிலர் கரெக்‌ஷனை ஏற்றிப் பார்க்கிறார்கள். அது அதிகம்தான் ஆகும். அந்த நீட்சி லென்ஸ் குறை அல்ல. நேர்கோட்டை நேராகக் காட்டும் எந்த வைட் லென்ஸிலும் அது வரும். கோடுகளைச் சற்று வளைய விட்டால்தான் முகம் இயல்பாகும். ஃபிஷ்ஐ லென்ஸிலும் இதே கதைதான்: ப்ரொஃபைல் போட்டால் அதன் வட்டத்தன்மையையே நீக்கி மூலைகளை ரப்பர் போல இழுத்துவிடும். லென்ஸை வாங்கியதே அந்த வளைவுக்காக என்றால் டிஸ்டார்ஷனை 0 ஆக்கிவிட்டு மற்றதை வைத்துக்கொள்ளுங்கள்.

விதிவிலக்கு, மிரர்லெஸ் லென்ஸ்களில் ஒரு பெரிய வகை. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் என்ற மிரர்லெஸ் கேமரா அமைப்பு 2008-இல் வந்தபோதே, வளைவைக் கண்ணாடியால் திருத்தாமல் மென்பொருளிடம் விடும் வடிவமைப்போடுதான் வந்தது. திருத்தத்துக்கான எண்கள் ரா ஃபைலுக்குள்ளேயே இருக்கும். இன்று பல நிறுவனங்கள் இதையே செய்கின்றன. கேனன் ஆர்எஃப் 24-240 லென்ஸை 24 மிமீ-இல் வைத்து, திருத்தம் இல்லாமல் ரா ஃபைலைத் திறந்தால் மூலைகள் கறுப்பாகவே இருக்கும். படம் சென்சார் முழுவதையும் நிரப்புவதில்லை. இப்படிப்பட்ட லென்ஸில் டிஸ்டார்ஷனை அணைப்பது பற்றி யோசிக்கவே வேண்டாம். லைட்ரூமில் 'பில்ட்-இன் லென்ஸ் ப்ரொஃபைல் அப்ளைட்' என்று வந்தால் திருத்தம் ஏற்கனவே நடந்துவிட்டது, அதை அணைக்கவும் முடியாது. ப்ரொஃபைல் பட்டியல் காலியாக இருக்கிறதே என்று வேறொரு லென்ஸின் ப்ரொஃபைலைத் தேடிப் போடாதீர்கள்.

இரட்டைத் திருத்தம் இன்னொரு வழியிலும் வரும். டிஎக்ஸ்ஓ என்ற மென்பொருளிலோ கேமரா நிறுவனத்தின் மென்பொருளிலோ திருத்திய படத்தை டிஃப் (TIFF) ஃபைலாக எடுத்து, அதற்கு லைட்ரூமிலோ டார்க்டேபிள் என்ற மென்பொருளிலோ மறுபடி ப்ரொஃபைல் போடுவது. பிதுங்கி இருந்த கோடு இப்போது உள்ளே குழியும், மூலை வெளுக்கும். கேமரா ஜேபெக்கிலும் திருத்தம் பெரும்பாலும் முடிந்தே இருக்கும்.

நிற விளிம்புகளுக்கு வருவோம். 'ரிமூவ் க்ரோமாட்டிக் அபெரேஷன்' டிக்கை எல்லா ரா படத்துக்கும் போட்டுவிடுங்கள், கிட்டத்தட்ட நஷ்டமே இல்லை. இது படத்தைப் பார்த்தே கணக்கிடுவதால், ப்ரொஃபைல் இல்லாத லென்ஸுக்கும் வேலை செய்யும். ஆனால் இது நீக்குவது பக்கவாட்டு வகையை மட்டும்: நடுவில் இருக்காது, மூலைக்குப் போகப்போக ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் சயான் என்று அகலும், அபெர்ச்சரைக் குறுக்கினாலும் போகாது. ஃபோகஸுக்கு முன்னால் ஊதாவும் பின்னால் பச்சையுமாகப் படத்தின் நடுவிலும் வருவது வேறு வகை. அது அபெர்ச்சரைக் குறுக்கினால் குறையும். அதற்கு நிற ஓரத்தை நீக்கும் 'டிஃப்ரிஞ்ச்' கருவி வேண்டும். 200 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, ஐட்ராப்பரை அந்த நிற ஓரத்தின் மேலேயே வைத்து எடுங்கள். அளவு 3 அல்லது 4-இல் தொடங்குங்கள். உச்சமான 20-க்குப் போனால் ஊதாப் பூவின் இதழ் ஓரம், மெஜென்டா சேலையின் கரை எல்லாம் சாம்பலாகும். அப்படி ஆகும் இடத்தில் பிரஷ் எடுத்து, டிஃப்ரிஞ்ச்சை மைனஸில் வைத்துத் தீட்டினால் அந்த நிறம் காப்பாற்றப்படும்.

ப்ரொஃபைல் தானாகத் தேர்வானாலும் ஒருமுறை பெயரைப் படித்துப் பாருங்கள். சில கேமரா அமைப்புகளில் மூன்றாம் நிறுவன லென்ஸ்கள், வேறு லென்ஸுக்கு உரிய அடையாள எண்ணையே சொல்கின்றன. மென்பொருள் தவறான லென்ஸ் என்று எடுத்துக்கொள்ளும். மேக் (நிறுவனம்), மாடல், ப்ரொஃபைல் மூன்றையும் சரியாகத் தேர்ந்து, 'செட்டப்' மெனுவில் புதிய டிஃபால்ட்டாகச் சேமித்தால் அடுத்த முறை தொந்தரவு இல்லை. சரிதானா என்று பார்க்க, கதவு நிலையையோ அலமாரி விளிம்பையோ ஃப்ரேமின் ஓரத்துக்கு இணையாக வைத்து, ஜூமின் குறைந்த, நடு, கூடிய நிலைகளில் ஒவ்வொரு படம் எடுங்கள். கிரிட்டை ஆன் செய்து பார்த்தால் மிச்சமிருக்கும் வளைவு தெரிந்துவிடும். மிக அருகில் ஃபோகஸ் செய்த படத்தில் கொஞ்சம் வளைவு மிஞ்சினால் ப்ரொஃபைலைத் திட்டவேண்டாம். ஃபோகஸ் தூரம் மாறினால் டிஸ்டார்ஷனும் மாறும், எல்லாத் தூரத்துக்கும் அளந்து வைத்திருக்க மாட்டார்கள்.

டார்க்டேபிள், ராதெரபி பயன்படுத்துவோருக்கு லென்ஸ் ப்ரொஃபைல்களைத் தொகுத்த லென்ஸ்ஃபன் தரவுத்தளம்தான் அடிப்படை. புது லென்ஸ் பட்டியலில் இல்லையென்றால் டெர்மினலில் 'லென்ஸ்ஃபன்-அப்டேட்-டேட்டா' கட்டளையை ஓட்டிப் பாருங்கள். ராதெரபி, அடோபியின் எல்சிபி (லென்ஸ் ப்ரொஃபைல்) ஃபைல்களையும் ஏற்றுக்கொள்ளும். ஃபுல்ஃப்ரேமில் (பெரிய சென்சாரில்) அளந்த தரவு சிறிய க்ராப் சென்சாருக்குப் பொருந்தும். க்ராப் சென்சாரில் அளந்ததை ஃபுல்ஃப்ரேமுக்குப் போட முடியாது, ஏனெனில் வெளி வட்டத்துக்கு அதில் அளவே கிடையாது.

வரிசையைப் பற்றி: லைட்ரூம் உள்ளுக்குள் தன் வரிசையில்தான் கணக்கிடும், எந்த ஸ்லைடரை முதலில் தொட்டாலும் ஒன்றுதான். ஆனால் 'அப்ரைட்' நேர்கோடுகளைத் தேடித்தான் கட்டடத்தை நிமிர்த்துகிறது. வளைந்த கோட்டைக் கொடுத்தால் தப்பாக நிமிர்த்தும். எனவே ப்ரொஃபைல், பிறகு அப்ரைட், கடைசியில் க்ராப். ப்ரொஃபைலைப் பின்னால் மாற்றினால் ஓரத்தில் நுணுக்கமாக வைத்த க்ராப்பை மறுபடி பார்க்கவேண்டி வரும்.

வானியல் படங்களை ஸ்டாக் செய்வதாக (பல படங்களை அடுக்கி ஒன்றாக்குவதாக) இருந்தால் மட்டும் எந்தத் திருத்தமும் இல்லாமல் ராவை அப்படியே கொடுங்கள். ஃப்ளாட் ஃப்ரேம் (சமமான வெளிச்சத்தை மட்டும் எடுத்த அளவீட்டுப் படம்), திருத்தாத விக்னெட்டிங்கைத்தான் அளந்து வைத்திருக்கிறது. முன்பே ப்ரொஃபைல் போட்டுவிட்டால் அதே வேலை இரண்டு முறை நடந்து மூலைகள் பளிச்சென்று எரியும்.