ஏழு வாரமாக இருமல், ஜிபி பாரசிட்டமால் சொல்லி அனுப்புகிறார்: ஊருக்குப் போய்விடலாமா?

தங்கச்சி, நீங்கள் கேட்டது இது. இங்கிலாந்தில் லெஸ்டருக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது. கணவருக்கு 42 வயது. ஏழு வாரமாக இருமல், எடையும் குறைந்த மாதிரி இருக்கிறது. ஜிபியிடம், அதாவது இங்கே முதலில் பார்க்க வேண்டிய குடும்ப டாக்டரிடம், இரண்டு முறை போனீர்கள். இரண்டு முறையும் வேறு வேறு டாக்டர், பத்துப் பத்து நிமிடம், "வைரஸ்தான், பாரசிட்டமால் போடுங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். கோயம்புத்தூராக இருந்தால் இந்நேரம் நெஞ்சு டாக்டரையே பார்த்து ஸ்கேனும் எடுத்திருப்போம், பேசாமல் டிக்கெட் போட்டுவிடலாமா என்கிறீர்கள்.

டிக்கெட் போடும் முன் மூன்றாவது முறை ஜிபியிடம் போங்கள். இந்த வாரமே போங்கள். ஆனால் முதல் இரண்டு முறை பேசியது போலப் பேசாதீர்கள். நான் மருத்துவர் இல்லை. இந்த நாட்டில் 18 வருடம் இருந்து, ஒரு முறை சூடுபட்டவள் என்ற முறையில் சொல்கிறேன்.

2022-இல் என் கணவருக்கு 51 வயது. மலத்தில் ரத்தம் போயிருக்கிறது. என்னிடமே இரண்டு மாதம் சொல்லவில்லை. மூலமாக இருக்கும், உடம்புச் சூடு என்று அவராகவே முடிவு செய்து, மோரும் ஊறவைத்த வெந்தயமுமாக ஓட்டிக்கொண்டிருந்தார். அப்புறம் ஒரு நாள் ஜிபியிடம் போய், நம் ஊர்ப் பேச்சை அப்படியே ஆங்கிலத்தில் போட்டு, "பாடி ஹீட், கேஸ் ட்ரபிள்" என்றிருக்கிறார். டாக்டர் காதில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தார். காய்ச்சல் இல்லை. வயிற்று உப்புசத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். ரத்தம் என்ற சொல் அந்த அறையில் வரவே இல்லை. அடுத்த முறை போனபோது "எப்படி இருக்கிறது?" என்று கேட்டதும் "பெட்டர், டாக்டர்" என்றாராம். யார் கேட்டாலும் "பரவாயில்லை" என்றுதானே நமக்கு வாயில் வரும்! அது அங்கே கம்ப்யூட்டரில் குணமாகி வருகிறது என்று பதிவாகிவிட்டது. பின்னால் என்ஹெச்எஸ் (இங்குள்ள அரசு மருத்துவச் சேவை) ஆப்பில் அந்த வரியைப் படித்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

டாக்டரும் கேட்டிருக்க வேண்டும். வயிற்றுக் கோளாறு என்று வந்த 51 வயதுக்காரரிடம் ரத்தம் போகிறதா என்று ஒரு கேள்வி கேட்காதது தவறு என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் கேட்காத கேள்விக்கும் பதிலைச் சொல்லிவிட்டு வர வேண்டியது நம் உயிருக்காக.

மூன்றாவது முறை நான் கூடப் போனேன். ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன்: மூன்று மாதமாக ரத்தம், முன்பு தினம் ஒரு முறை போனவர் இப்போது நான்கு முறை போகிறார், பெல்ட்டில் இரண்டு ஓட்டை உள்ளே தள்ளியிருக்கிறது. கடைசியாக, "புற்றுநோயாக இருக்குமோ என்று பயப்படுகிறோம்" என்று வாய்விட்டுச் சொன்னேன். வீட்டில் அந்தப் பெயரைக்கூடச் சொல்லமாட்டோம், "அந்த வியாதி" என்போம். டாக்டரிடம் பெயரைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அன்றே மலப் பரிசோதனைக் குப்பி கொடுத்தார்கள். எஃப்ஐடி என்பார்கள், கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தையும் அது காட்டும். முடிவு வந்ததும் மருத்துவமனைக்கு அவசரப் பரிந்துரை, பெருங்குடலில் கட்டி, அறுவை, கீமோ. கடவுள் புண்ணியத்தில் இந்த வருட ஸ்கேனும் சுத்தமாக வந்தது.

இப்போது உங்கள் விஷயம். இங்கே ஜிபிதான் வாசல். அவர் எழுதினால்தான் என்ஹெச்எஸ்ஸில் பெரிய டாக்டர். ஒரு நாளில் எத்தனையோ இருமலைப் பார்ப்பவருக்கு உங்கள் கணவரின் இருமல் எதனால் வேறு என்று தெரிய வேண்டும். "கொஞ்சம் இருமல்" என்றால் சளி. "ஏழு வாரமாக ஒரு நாளும் நிற்கவில்லை, இத்தனை கிலோ குறைந்திருக்கிறது, இது மூன்றாவது வருகை" என்றால் வேறு. எடை மெஷினில் நிறுத்திப் பார்த்து எண்ணாகச் சொல்லுங்கள், "மாதிரி இருக்கிறது" வேண்டாம். மூன்று வாரத்துக்கு மேல் நிற்காத இருமலுக்கு ஜிபியைப் பாருங்கள் என்று சொல்வதே என்ஹெச்எஸ்தான். 40 வயதைத் தாண்டியவருக்குக் காரணம் தெரியாத இருமலோடு எடையும் குறைந்தால் இரண்டு வாரத்துக்குள் நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லும் வழிகாட்டுதல் ஜிபிக்களுக்கு இருக்கிறது. மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் என்ற அமைப்பு 2015-இல் வெளியிட்டது. ஆகவே எக்ஸ்ரே வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமைதான்.

அவர் எப்போதாவது சிகரெட் பிடித்தவரா என்று நீங்கள் எழுதவில்லை. கல்லூரி நாட்களில் பிடித்து விட்டிருந்தாலும் சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் இருப்பதால் தயங்குவார் என்றால் அந்த இரண்டு நிமிடம் வெளியே இருங்கள். இந்தியாவிலிருந்து ஆறு மாதம் முன்பு வந்தவர் என்பதையும் சொல்லுங்கள், காசநோயையும் பார்க்க வேண்டியிருக்கும். இருமும்போது ரத்தம் நிறைய வந்தாலோ மூச்சு முட்டினாலோ ஜிபிக்காகக் காத்திருக்காமல் அவசர எண் 999-ஐக் கூப்பிடுங்கள்.

ஆங்கிலம் தடுமாறினால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே கேளுங்கள், காசு கிடையாது. பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். முடிந்தால் போன முறை பார்த்த டாக்டரையே கேட்டு வாங்குங்கள்.

இங்கிலாந்தில் 2025 செப்டம்பரில் ஜெஸ் விதி என்று ஒன்று கொண்டுவந்தார்கள். ஜெஸ் பிரேடி என்ற 27 வயதுப் பெண் இருபது முறைக்கு மேல் ஜிபியிடம் முறையிட்டும் புற்றுநோய் கண்டுபிடிக்கப்படாமல் போய், 2020 டிசம்பரில் இறந்துவிட்டார். அவருடைய பெற்றோர் விடாமல் போராடியதால் வந்தது. ஒரே தொந்தரவோடு, அல்லது கூடிக்கொண்டே போகும் தொந்தரவோடு ஒருவர் மூன்று முறை வந்தால், டாக்டர் முதலில் நினைத்ததை விட்டுவிட்டு மறுபடி யோசிக்க வேண்டும் என்பதுதான் விதி. அதனால்தான் மூன்றாவது முறை போகச் சொன்னேன். ஆன்லைன் படிவம் நிரப்பும்போதும் "இதே இருமலுக்கு மூன்றாவது முறை" என்பதே முதல் வரியாக இருக்கட்டும்.

டாக்டர் அறையிலிருந்து கிளம்பும் முன் ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்: "எத்தனை நாளில் சரியாகாவிட்டால் திரும்ப வர வேண்டும்?" எக்ஸ்ரே சுத்தம் என்று வந்தும் இருமல் நிற்கவில்லை என்றால் மறுபடி போக வேண்டும், எக்ஸ்ரேயில் எல்லாம் தெரிந்துவிடாது.

புற்றுநோய்ச் சந்தேகம் என்று அவசரப் பரிந்துரை எழுதினால் இடிந்துபோகாதீர்கள். அப்படி அனுப்பப்படுபவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் புற்றுநோய் இருப்பதில்லை. 28 நாளுக்குள் உண்டு, இல்லை என்று சொல்லிவிட வேண்டும் என்பது இலக்கு. அந்த நாட்களில் நம்பர் காட்டாத அழைப்பு வந்தாலும் போனை எடுங்கள், மருத்துவமனையிலிருந்து பல முறை அப்படித்தான் கூப்பிடுவார்கள். இரண்டு வாரத்தில் கடிதமோ போனோ வராவிட்டால் ரிசப்ஷனில் போய் பரிந்துரை போய்ச் சேர்ந்ததா என்று கேளுங்கள்.

எக்ஸ்ரே எடுத்து முடிவும் கையில் வந்த பிறகு ஊருக்குப் போவதைப் பற்றிப் பேசலாம். எடையை இன்றே பார்த்து எழுதி வையுங்கள், தங்கச்சி.