அம்மாவின் இரும்பு மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: தண்டையார்பேட்டையில் இருக்கிறோம். அம்மாவுக்கு 61 வயது, சர்க்கரை உண்டு. ஆறு மாதத்தில் மூன்று முறை சிறுநீர்த் தொற்று. கல்ச்சர் (கிருமி வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) ரிப்போர்ட்டில் பாதி மருந்துக்கு மேல் 'ஆர்'தான், அதாவது கிருமிக்கு அந்த மருந்து கேட்காது. கிருமி இரும்பைத் தின்று வளர்கிறது, அதை வைத்தே கொல்லும் புது மருந்து வந்திருக்கிறது என்று படித்தேன். இரும்பு மாத்திரையை நிறுத்திவிடலாமா? அந்த மருந்தைக் கேட்கலாமா?

பதில்: நீங்களாக நிறுத்த வேண்டாம். படித்தது என்னவோ சரிதான். தொற்று வந்தால் உடம்பு இரும்பைப் பூட்டி வைத்துக்கொள்ளும். கிருமி விடாது; சிடெரோஃபோர் என்ற பொருளைச் சுரந்து வெளியே அனுப்பும். அது இரும்பைக் கவ்விக்கொண்டு வந்தால் கிருமியின் வெளிச்சுவரில் தனி வாசல் திறக்கும். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் வண்டிக்கு எல்லோரும் வழிவிடுவார்கள், படகுக்கு ஐஸ் வேண்டுமே! அந்த ஐஸுக்கு அடியில் வெடியை வைத்து அனுப்பினால் எப்படியோ, அப்படித்தான் நீங்கள் படித்த புது மருந்தான செஃபிடெரோகால் இரும்போடு சேர்ந்து உள்ளே போகிறது. ஜப்பானின் ஷியோனோகி நிறுவனம் உருவாக்கியது. 2019-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மாத்திரையாக இல்லை. வழக்கமாக எட்டு மணிக்கொரு முறை, ஒவ்வொரு முறையும் மூன்று மணி நேரம் நரம்பில் ஏற்ற வேண்டும். வேறு எதுவும் கேட்காதபோது எடுக்கவேண்டிய மருந்து. கிருமி அந்த வாசலையே மாற்றிக்கொண்டு இதற்கும் டிமிக்கி கொடுப்பதுண்டு.

சிடெரோஃபோரில் இரும்புக்குப் பதில் காலியம் என்ற உலோகத்தின் கதிரியக்க வகையை ஏற்றி, தொற்று எங்கே என்று பெட் ஸ்கேனில் (கதிரியக்கப் பொருள் சேரும் இடத்தைக் காட்டும் ஸ்கேன்) பார்க்கும் முயற்சியும் நடக்கிறது. அது ஆராய்ச்சி மட்டத்தில்தான். அம்மாவுக்கு சிறுநீர் கல்ச்சர் போதும்.

அந்த ரிப்போர்ட்டில் நைட்ரோஃபுரான்டாயின், ஃபாஸ்ஃபோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்குகள் எதிரே 'எஸ்' (மருந்து கேட்கும் என்று பொருள்) இருக்கிறதா பாருங்கள். மற்றவை தோற்ற இடத்தில் இவை பலமுறை கைகொடுக்கும். எரிச்சல், காய்ச்சல் எதுவும் இல்லாமல் ரிப்போர்ட்டில் மட்டும் கிருமி தெரிந்தால், பெரும்பாலும் ஆன்டிபயாட்டிக்கே வேண்டியதில்லை. அடிக்கடி வருவதால் கல் இருக்கிறதா, சிறுநீர் தேங்குகிறதா என்று ஒரு ஸ்கேன் எடுத்துவிடுங்கள்.

இன்னொன்று. காலை இட்லி முடிந்ததும் எல்லா மாத்திரையையும் உள்ளங்கையில் கொட்டி ஒரே மடக்கில் விழுங்குவார்கள், என்னிடம் வருகிற அம்மாக்களில் பலர். சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக்கும் இரும்பும் அப்படிச் சேர்ந்தால் குடலிலேயே ஒட்டிக்கொள்ளும், மருந்து ரத்தத்தில் சரியாகச் சேராது. சிப்ரோ போட்டு இரண்டு மணி நேரம் கழித்து இரும்பு. இரும்பு முந்திவிட்டால் ஆறு மணி நேரம் பொறுக்க வேண்டும். 'மாத்திரை கேட்கவில்லை' என்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

குளிர் நடுக்கம், விலாப்பக்கம் வலி, வாந்தி வந்தால் விடியட்டும் என்று இருக்காதீர்கள். ஸ்டான்லி ஆஸ்பத்திரி பக்கம்தானே, ராத்திரியே கூட்டிப் போங்கள், பழைய ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு.