தாத்தா குட்டை, வண்டி நெட்டை

கேள்வி: பழைய பந்தய சைக்கிள் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. ஹேண்டில்பார் என் தோளுக்கு மிகவும் குறுகல். அந்தக் காலத்து மனிதர்கள் சிறுத்த உடம்புக்காரர்கள் என்பதால்தானே? – ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: மனிதர்கள் சிறுத்திருந்தது உண்மை. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 1980 வரை ஐரோப்பிய ஆண்களின் சராசரி உயரம் சுமார் 11 செ.மீ. கூடியது. ஆனால் பழியை உடம்பின் மேல் போட்டுவிடாதீர்கள். நம் ஊர்த் தாத்தாக்கள் ஓட்டிய ரோட்ஸ்டர் என்ற சாதாரண கறுப்பு சைக்கிளின் சட்டம் 22 அல்லது 24 அங்குலம். ஆள் குட்டை, வண்டி நெட்டை! பார் மேல் கால் எட்டாமல்தான் பிள்ளைகள் குரங்குப் பெடல் போட்டார்கள்.

உடம்பு உண்மையிலேயே ஆட்சி செய்தது 1870-களின் பெருஞ்சக்கர வண்டியில். பெடல் நேரே முன்சக்கரத்தில் இருந்ததால், கால் எவ்வளவு நீளமோ அவ்வளவு பெரிய சக்கரம். 50, 54, 58 அங்குலம் என்று ஆளுக்குத் தக்கபடி வாங்கினார்கள். நெட்டைக்காலன் ஒரு மிதியில் அதிக தூரம் போனான். 1885-இல் ஜான் கெம்ப் ஸ்டார்லியின் ரோவர் சைக்கிள் சங்கிலியோடு வந்ததும் அந்தச் சலுகை ஒழிந்தது. சங்கிலி ஓடும் பற்சக்கரங்களில் முன்னால் 44 பல், பின்னால் 18 பல், ஓடும் சக்கரம் 28 அங்குலம் என்றால், 68 அங்குலச் சக்கரத்தை மிதிப்பதற்குச் சமம். அத்தனை பெரிய சக்கரத்துக்குக் கால் எட்டுகிறவர் யார்?

அதன் பிறகு உதிரிபாகம் செய்கிறவர்களுக்கு உங்கள் கால் நீளத்தில் பெரிய அக்கறை இல்லை. பெடலைத் தாங்கும் கையான கிராங்க் இன்றும் பெரும்பாலும் 165 முதல் 175 மி.மீ.க்குள்தான். ஐந்தடியாருக்கும் ஆறடியாருக்கும் ஒரே 170-ஐ மாட்டி அனுப்புகிறார்கள். ஒவ்வொரு நீளத்துக்கும் தனி வார்ப்பச்சு செய்வது செலவு, ஐயா.

இனி ஹேண்டில்பார். 1960-களில் 38, 40 செ.மீ. சாதாரணம், பிறகு 42, 44 ஆனது. அண்மைக் காலத்தில் பந்தய வீரர்கள் காற்றின் தடையைக் குறைக்க மறுபடி 38-க்கும் கீழே இறங்கினார்கள். அவர்கள் தோள் என்ன சுருங்கியா போயிற்று?

மாற்றுவதற்கு முன் டேப் வைத்து அளந்து பாருங்கள். ஹேண்டில்பார் செய்யும் இத்தாலிய நிறுவனமான சினெல்லி வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்புக்கு அளந்தது. மற்றவர்கள் பலர் குழாயின் நடுவிலிருந்து நடுவுக்கு அளக்கிறார்கள். பழைய சினெல்லியில் 42 என்று பொறித்திருந்தால் இன்றைய கணக்கில் அது 40-தான்.