இங்கிலாந்தில் ஐந்து மாதம் தங்கிச் சுற்றிப் பார்க்க 25 லட்சம் போதுமா?

கேள்வி: எனக்கு வயது 63, மனைவிக்கு 60. மதுரையில் சொந்த வீடு, கடன் இல்லை. மகளுக்குத் திருமணமாகிவிட்டது. என் பென்ஷன் மாதம் 62,000 ரூபாய். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம், வங்கி எஃப்.டி.யில் 32 லட்சம் இருக்கிறது. மாதச் செலவு 55,000. வரி, விசேஷச் செலவு எல்லாம் போக மாதம் 35,000 மிஞ்சுகிறது. அடுத்த ஆண்டு ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை இங்கிலாந்தில் தங்கி, சின்ன ஊர்களையும் கிராமப்புறத்தையும் நிதானமாகப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் இருவரின் நெடுநாள் ஆசை. குழுச் சுற்றுலாவில் விருப்பமில்லை. எஃப்.டி.யை உடைத்து 25 லட்சம் எடுக்கலாமா?

பதில்: தாராளமாகப் போய்வாருங்கள். நடக்கத் தெம்பு இருக்கும்போது போவதுதான் சரி. ஆனால் ஐந்து மாதத்துக்கு 25 லட்சம் போதாது. 100 நாளாகக் குறைத்தால் 18 லட்சத்தில் முடியும். என் யோசனையும் அதுதான்.

காரணம் வாடகை. இங்கிலாந்தில் பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை ஜூலை கடைசி வாரத்தில் தொடங்கி செப்டம்பர் ஆரம்பம் வரை நீள்கிறது. அந்த ஆறு வாரமும் கிராமப்புற விடுமுறை வீடுகளின் வாடகை ஒன்றரை மடங்கு, சில இடங்களில் அதற்கும் மேல். ரயிலில் கூட்டம், சாலையில் நெரிசல். நீங்கள் தேடிப் போகும் அமைதி அப்போது கிடைக்காது. ஈஸ்டர் விடுமுறை முடிந்ததும், ஏப்ரல் நடுவில் போய் இறங்கி, ஜூலை 20 வாக்கில் கிளம்பிவிடுங்கள். மே, ஜூன் மாதங்களில் இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். மே கடைசி வாரம் மட்டும் பள்ளிகளுக்கு அரைப் பருவ விடுமுறை. அந்த வாரம் இடம் மாறாமல் இருந்த வீட்டிலேயே இருங்கள்.

இனி கணக்கு. பவுண்டை 125 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். கீழே உள்ள தொகைகள் திட்டமிடுவதற்கான என் மதிப்பீடு.

மூன்று ஊர்களில் தலா 28 இரவு வாடகை வீடு. ஓர் இரவுக்குச் சராசரி 68 பவுண்ட் என்றால் 84 இரவுக்கு சுமார் 5,700 பவுண்ட். மீதி 16 இரவு லண்டனிலும் வழி ஊர்களிலும் காலை உணவோடு கூடிய விடுதி, இரவுக்கு 110 பவுண்ட் வீதம் 1,760. ஆகத் தங்குவதற்கு மட்டும் 7,500 பவுண்ட். வீட்டில் சமைத்து, வாரத்தில் ஓரிரு முறை வெளியே சாப்பிட்டால் வாரம் 120 பவுண்ட், மொத்தம் 1,700. ரயில், பஸ், சில நாள் வாடகைக் கார் 1,200. நுழைவுக் கட்டணங்கள் 500. போன், துணி துவைப்பு, சில்லறை 400. கூட்டினால் 11,300 பவுண்ட், அதாவது சுமார் 14.1 லட்சம் ரூபாய். சென்னையிலிருந்து இருவருக்கும் விமானம் போய்வர 1.5 லட்சம், விசாவும் பயணக் காப்பீடும் 85,000. பத்து சதவீதம் கைக்காவல் சேர்த்தால் 18 லட்சம். இதே கணக்கை ஆகஸ்ட் இறுதி வரை நீட்டிப் பாருங்கள், 28, 29 லட்சத்தில் போய் நிற்கும். கூடுதல் 50 நாளுக்கு 10 லட்சத்துக்கு மேல்!

28 இரவு என்று சொன்னதில் ஒரு காரணம் இருக்கிறது. ஏர்பிஎன்பி போன்ற தளங்களில் மாதத் தள்ளுபடி 28 இரவிலிருந்துதான் விழும். 25 இரவு என்று தேடினால் அதே வீடு விலை அதிகமாகக் காட்டும். வாரத்துக்கு ஓர் ஊர் என்று அலைந்தால் தள்ளுபடியும் போகும், ஒவ்வொரு வீட்டுக்கும் சுத்தம் செய்யும் கட்டணம் தனியாக ஏறும், ரயில் செலவும் கூடும். இந்தப் பயணத்தின் செலவைத் தீர்மானிப்பது நாட்களின் எண்ணிக்கையை விட, எத்தனை முறை பெட்டியைக் கட்டுகிறீர்கள் என்பதுதான்.

ஊர்களைத் தேர்ந்தெடுப்பதிலும் பணம் இருக்கிறது. காட்ஸ்வோல்ட்ஸ் என்ற குன்றுகள் நிறைந்த கிராமப் பகுதியைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் போர்ட்டன்-ஆன்-தி-வாட்டர் மாதிரிப் படத்தில் பார்த்த கிராமத்திலேயே வீடு தேடுவார்கள். வாடகை கொதிக்கும், அங்கே ரயிலும் கிடையாது. வூஸ்டரிலோ ஈவ்ஷாமிலோ தங்குங்கள். ஆக்ஸ்ஃபோர்டு போகும் அதே ரயில் பாதையில்தான் மோர்ட்டன்-இன்-மார்ஷ் வருகிறது. அங்கே இறங்கி உள்ளூர் பஸ் பிடிக்கலாம். ஏரி மாவட்டத்துக்கு வின்டர்மியர், கெஸ்விக்கை விட கெண்டல் வசதி. அங்கிருந்து 555 எண் பஸ் வின்டர்மியர், ஆம்பிள்சைடு, கிராஸ்மியர் வழியாக கெஸ்விக் வரை போகிறது. மூன்றாவதாக யார்க். கோட்டைச் சுவர்மேல் நடக்கவும், தேசிய ரயில்வே அருங்காட்சியகத்தைப் பார்க்கவும் காசு கிடையாது. லண்டன் திரும்ப நேர் ரயில், இரண்டு மணி நேரம் சொச்சம். கெண்டலுக்கும் யார்க்குக்கும் நடுவில் ஹெக்ஸமில் நான்கைந்து இரவு தங்கினால், ரோமானியர் கட்டிய ஹேட்ரியன் சுவரைப் பார்க்க ஏடி122 என்ற பஸ் பருவகாலத்தில் ஓடுகிறது.

வீடு பார்க்கும்போது ஒரே ஒரு நிபந்தனையை விடாதீர்கள்: ரயில் நிலையமும் மளிகைக் கடையும் நடக்கிற தூரத்தில் இருக்க வேண்டும். 'கிராமத்திலிருந்து பத்து நிமிடம்' என்று விளம்பரம் சொன்னால் அது காரில் பத்து நிமிடம். கிராம பஸ்கள் மாலை ஆறு மணிக்கு மேல் அரிது, ஞாயிற்றுக்கிழமை பல தடங்களில் ஓடவே ஓடாது. அந்த வீட்டின் வாடகை குறைவாக இருக்கும், டாக்ஸி அதைத் தின்றுவிடும்.

ரயிலுக்கு 'டூ டுகெதர்' ரயில்கார்டு வாங்குங்கள். இருவருக்கும் சேர்த்து ஆண்டுக்கு 35 பவுண்ட், டிக்கெட்டில் மூன்றில் ஒரு பங்கு குறையும். இருவரும் சேர்ந்தே பயணிக்க வேண்டும், வார நாட்களில் காலை 9.30-க்கு முன் செல்லாது. 60 வயதானவர்களுக்கான சீனியர் கார்டும் ஆளுக்கு 35 பவுண்ட்தான் என்றாலும், சேர்ந்தே சுற்றும் உங்களுக்கு ஒரு கார்டு போதும். முன்பதிவில் கிடைக்கும் மலிவான 'அட்வான்ஸ்' டிக்கெட் குறிப்பிட்ட அந்த ரயிலுக்கு மட்டும்தான். நீங்களாகவே தவறவிட்டால் புது டிக்கெட் எடுக்க வேண்டும். ஆகவே ஊர் மாறும் நான்கைந்து நீண்ட பயணங்களுக்கு மட்டும் அதை எடுங்கள். பஸ்ஸில் இங்கிலாந்தின் பெரும்பாலான தடங்களில் ஒரு வழிக் கட்டணம் அதிகபட்சம் 3 பவுண்ட் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். ஆளுக்குத் தனித்தனி கார்டைத் தட்டினால் போதும்.

கார் ஓட்ட இந்திய உரிமமே 12 மாதம் வரை செல்லும். வாடகைக்கு எடுக்க, ஓட்டுபவர் பெயரில் உள்ள கிரெடிட் கார்டு கேட்பார்கள், அதில் ஒரு பெரிய தொகையை நிறுத்தியும் வைப்பார்கள். டெபிட் கார்டை மட்டும் நம்பிப் போனால் கவுன்ட்டரில் திருப்பி அனுப்பிவிடலாம். முழு மாதத்துக்குக் கார் வேண்டாம்.

இப்போது பணம் எங்கிருந்து எடுப்பது? மூத்த குடிமக்கள் திட்டத்தைத் தொடாதீர்கள். முன்கூட்டி எடுத்தால், கணக்கு தொடங்கி ஓராண்டு முடிந்து இரண்டு ஆண்டுக்குள் என்றால் அசலில் 1.5 சதவீதம், அதற்குப் பிறகு 1 சதவீதம் பிடிப்பார்கள். ஓராண்டு ஆகாவிட்டால் வட்டியே கிடையாது. மாதம் மிஞ்சும் 35,000-ஐ இன்றிலிருந்து தனிக் கணக்கில் போட்டுவாருங்கள், 12 மாதத்தில் 4.2 லட்சம். மீதி 13.8 லட்சத்தை, முதிர்வு நெருங்கிய எஃப்.டி.களிலிருந்து எடுங்கள். 18 லட்சத்துக்கு மேல் எஃப்.டி. அப்படியே இருக்கும். அதில் 15 லட்சம் மருத்துவத்துக்கென்று ஒதுக்கிய பணம். இங்கிலாந்தில் எவ்வளவு ஆசை வந்தாலும் அதில் கை வைக்கக் கூடாது. 13.8 லட்சம் போவதால் 7 சதவீதக் கணக்கில் மாத வட்டி 8,000 குறையும். உங்கள் வருமானம் அதைத் தாங்கும். வருகிற ஆண்டுக்குள் செலவழிக்கப்போகும் இந்தப் பணத்தைப் பங்கு சார்ந்த ஃபண்டில் போடச் சொல்லி யாராவது வந்தால் கேட்காதீர்கள்.

டி.சி.எஸ். (வெளிநாட்டுச் செலவுக்குப் பணம் வாங்கும்போதே முன்கூட்டிப் பிடிக்கும் வரி) விஷயத்தில் பலர் தேவையில்லாமல் பணத்தை முடக்கிக்கொள்கிறார்கள். வெளிநாட்டுக்கு அனுப்பும் பணமும் ஃபாரெக்ஸ் கார்டில் ஏற்றும் பணமும் ரிசர்வ் வங்கியின் எல்.ஆர்.எஸ். (தனிநபர் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப அனுமதிக்கும் திட்டம்) கணக்கில் சேரும். ஒரு நிதியாண்டில் ஒருவருக்கு 10 லட்சம் வரை டி.சி.எஸ். இல்லை, அதைத் தாண்டும் தொகைக்கு 20 சதவீதம். கைக்காவலையும் சேர்த்து உங்களுக்கு 15.6 லட்ச ரூபாய்க்குப் பவுண்ட் தேவை. எல்லாவற்றையும் உங்கள் பான் எண்ணிலேயே ஒரே நிதியாண்டில் வாங்கினால் 1.12 லட்சம் பிடிப்பார்கள். ரிட்டர்னில் திரும்பக் கிடைக்கும், ஆனால் பல மாதம் காத்திருக்க வேண்டும். பாதியை மனைவியின் தனிக் கணக்குக்கு மாற்றி, அவர் பான் எண்ணில் வாங்குங்கள். டி.சி.எஸ். பூஜ்யம். மார்ச் 31-க்கு முன் கட்டும் வீட்டு முன்பணம் முந்தைய நிதியாண்டில் சேர்ந்துவிடும் என்பது இன்னொரு அனுகூலம். டூர் பேக்கேஜாக வாங்கினால் முதல் ரூபாயிலிருந்தே டி.சி.எஸ். உண்டு, அந்த வழியில் போகாதீர்கள். வெளிநாட்டுப் பயணச் செலவு 2 லட்சத்தைத் தாண்டினால் வருமானம் வரம்புக்குக் கீழே இருந்தாலும் ரிட்டர்ன் கட்டாயம். செலவில் பாதி மனைவி பெயரில் போவதால் அவரும் தாக்கல் செய்ய வேண்டும்.

பவுண்டை ஒரே நாளில் வாங்காமல் நான்கு தவணையாக ஃபாரெக்ஸ் கார்டில் ஏற்றுங்கள். சாதாரண கிரெடிட் கார்டுகளில் அந்நியச் செலாவணிக் கட்டணம் 3.5 சதவீதம், அதன்மேல் ஜி.எஸ்.டி.யும் சேர்ந்து 4.13 சதவீதம். 5 லட்சம் தேய்த்தால் 20,000 ரூபாய்க்கு மேல் வீண். கார் வாடகைக்கும் அவசரத்துக்கும் மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள். கடையில் மெஷின் 'ரூபாயிலா, பவுண்டிலா' என்று கேட்டால் எப்போதும் பவுண்டை அழுத்துங்கள். ரூபாயை அழுத்தினால் அவர்கள் வைத்த மாற்று விலை உங்கள் தலையில் விழும். கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாட்டைக் கிளம்பும் முன் நீங்களே ஆப்பில் திறந்துவிட வேண்டும். ஓ.டி.பி. வர, இந்திய சிம்மில் ரோமிங்கும் இங்கிருக்கும்போதே இயங்க வேண்டும். ரொக்கம் 300 பவுண்ட் போதும். உறவினர் யாராவது பழைய காகித 20, 50 பவுண்ட் நோட்டுகளைக் கொடுத்தால் வாங்காதீர்கள். அவை 2022 செப்டம்பர் 30-உடன் செல்லாமல் போனவை, கடைகளில் எடுக்க மாட்டார்கள்.

காப்பீட்டில் சிக்கனம் கூடாது. பார்வையாளர்களுக்கு அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் சிகிச்சை இலவசம். ஆனால் வார்டில் சேர்த்த நொடியிலிருந்து, சிகிச்சைக்கு மருத்துவமனைக்கு ஆகும் செலவின் 150 சதவீதம் பில் வரும். 500 பவுண்டுக்கு மேல் பாக்கி வைத்தால் அடுத்த முறை விசாவே மறுக்கப்படலாம். ரத்த அழுத்தம், சர்க்கரை எதுவாக இருந்தாலும் விண்ணப்பத்தில் எழுதிவிடுங்கள். மறைத்தால் கிளெய்ம் அங்கேயே விழுந்துவிடும். 'ஏற்கெனவே உள்ள நோய்' உயிருக்கு ஆபத்தான நிலையில் மட்டும்தானா, எவ்வளவு தொகை வரை என்பதை பாலிசி வாசகத்தில் படித்துப் பாருங்கள். 100 நாளுக்கும் ஒரே பாலிசியாக எடுங்கள். இங்குள்ள மருத்துவ பாலிசியின் புதுப்பிப்புத் தேதி நடுவில் வந்தால் முன்பே கட்டிவிடுங்கள். மருந்துகளை 115 நாளுக்கு, மூலப்பெயர் எழுதிய சீட்டுடன் எடுத்துப்போங்கள்.

விசாவில் வரிசை முக்கியம். ஆறு மாதப் பார்வையாளர் விசாக் கட்டணத்தை 2025 ஏப்ரலில் 127 பவுண்ட் ஆக்கினார்கள். பயணத் தேதிக்கு மூன்று மாதத்துக்கு முன் விண்ணப்பிக்கவே முடியாது. வழக்கமாக மூன்று வாரத்தில் முடிவு வரும். அதுவரை இலவச ரத்து உள்ள வீடுகளை மட்டும் பதிவு செய்யுங்கள், விமான டிக்கெட் வாங்காதீர்கள். விசாவுக்காக எஃப்.டி.யை உடைத்துச் சேமிப்புக் கணக்கில் 18 லட்சத்தைக் கொட்டவும் வேண்டாம். திடீரென்று வந்து உட்காரும் பெரிய தொகை சந்தேகத்தைத்தான் கிளப்பும். ஆறு மாத பென்ஷன் வரவு தெரியும் வங்கிக் கணக்கு அறிக்கையும் எஃப்.டி. சான்றுகளும் போதுமானவை. வீட்டையும் நாயையும் பார்த்துக்கொண்டால் தங்க இடம் இலவசம் என்று சில தளங்கள் சொல்லும். சம்பளம் இல்லாத வேலையும் வேலைதான் என்பது விசா விதி. விமான நிலையத்திலேயே திருப்பி அனுப்பப்படும் ஆபத்து இருப்பதால் அதை நாடாதீர்கள்.

நவம்பர் உயிர்வாழ் சான்றுக்கு முன்பே திரும்பிவிடுவீர்கள். மூன்று மாதமும் மதுரை வீட்டுச் செலவு குறைந்து பென்ஷன் சேர்ந்திருக்கும். அதை வந்ததும் எஃப்.டி.யில் போட்டுவிடுங்கள். செலவாகாத பவுண்டில் 2,000 டாலர் மதிப்பு வரை அடுத்த பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம், மீதியைத் திரும்பிய 180 நாட்களுக்குள் வங்கியில் ஒப்படைத்து ரூபாயாக்க வேண்டும்.