அக்கா பதில்கள்: குறட்டைக்கு நடுவுல வர்ற அமைதியைக் கவனிங்க

கேள்வி: வணக்கம் அக்கா. சிங்கப்பூர் ஈசூன்ல மூவறை வீடு எங்களுது, ஒரு ரூம்ல மாமியாரும் என் பொண்ணும் படுப்பாங்க, இன்னொண்ணுல நானும் அவரும். கல்யாணம் ஆனதுல இருந்தே அவருக்கு குறட்டை உண்டு, ஆனா இந்த ரெண்டு வருஷமா தாங்கவே முடியல, கதவைச் சாத்தினாலும் ஹால் வரைக்கும் கேக்குது. நடுவுல திடீர்னு சத்தமே நின்னுடும், அந்த கேப்புலதான் நான் கண்ணை மூடுவேன், உடனே பெரிய உறுமலோட மறுபடி ஆரம்பிச்சிடுவாரு. போன மாசத்துல இருந்து ஹால் சோபாவுல படுக்குறேன். அதுக்கு மாமியார், புருஷன் பொண்டாட்டி தனித்தனியா படுக்குறது குடும்பத்துக்கு ஆகாதுன்னு முகத்தைத் தூக்கி வச்சிக்கிறாங்க. அவரக் கேட்டா "வேல அசதி, அதான்"ங்கறாரு. டெலிவரி வேன் ஓட்டுறாரு. நான் என்னதான் பண்றது?

பதில்: தங்கச்சி, அந்த கேப்புலதான் கண்ணை மூடுவேன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அதைப் படிச்சதும் எனக்கு மனசு பதறிடுச்சு. சத்தம் நிக்கிற அந்த நேரத்துல அவர் நிம்மதியா தூங்குறதா நினைக்காதீங்க, பெரும்பாலும் அப்போ மூச்சே உள்ள போகாம இருக்கும். நாம தூங்கும்போது தொண்டைத் தசை எல்லாம் தளர்ந்துடும், நாக்கோட அடிப்பகுதியும் உள்நாக்கும் பின்னாடி சரியும், குறுகின வழியில காத்து போகும்போது அந்தச் சதை அதிருது, அதான் குறட்டை. வழி முழுசா அடைஞ்சிடுச்சுன்னா அதிர்றதுக்குக் காத்தே இல்ல, அதனால சத்தமும் இல்ல. ரத்தத்துல ஆக்சிஜன் எறங்குது, மூளை பதறிப்போய் உடம்பை உலுக்கி எழுப்புது, அதுதான் நீங்க கேக்குற அந்த உறுமல். அவருக்கு எழுந்ததே ஞாபகம் இருக்காது. இதுக்கு ஸ்லீப் ஆப்னியான்னு பேரு. குறைஞ்சது 10 செகண்ட் மூச்சு நின்னா ஒரு தடவைன்னு கணக்கு, மணிக்கு 5 தடவைக்கு மேல போனா வியாதி, 30 தாண்டினா கடுமையானதுன்னு டாக்டருங்க பிரிச்சு வச்சிருக்காங்க.

இது எங்கயோ யாருக்கோ வர்றதுன்னு நினைக்காதீங்க. 2016-ல வெளியான சிங்கப்பூர் ஆய்வுல பெரியவங்கள்ல ஏறக்குறைய மூணுல ஒருத்தருக்கு இது நடுத்தரமாவோ கடுமையாவோ இருக்குன்னு தெரிஞ்சது, அதுல பெரும்பாலானவங்களுக்கு தனக்கு இருக்குன்னே தெரியாது. குண்டா இருக்கறவங்களுக்கு மட்டும்தான்னும் இல்ல, தாடை சின்னதா உள்வாங்கி இருந்தா ஒல்லியான ஆளுக்கும் வரும்.

அதனால இன்னைக்கு ராத்திரி ஒரு வேலை பண்ணுங்க. போனைக் கட்டில் பக்கத்துல வச்சு ஒரு அரைமணி நேரம் ரெக்கார்ட் பண்ணுங்க, முடிஞ்சா வீடியோவாவே எடுங்க, சத்தம் நின்ன பிறகும் நெஞ்சும் வயிறும் ஏறி இறங்கப் போராடுறது அதுல தெரியும். காலையில அவர் நல்லா சாப்பிட்டு உக்காந்திருக்கும்போது காட்டுங்க. சண்டை போடும்போது காட்டாதீங்க, "உன்னால எனக்குத் தூக்கம் போச்சு"ன்னு ஆரம்பிச்சா எந்த ஆம்பளையும் காது கொடுக்க மாட்டாரு, "உங்களுக்கு மூச்சு நிக்குதுங்க, எனக்குப் பயமா இருக்கு"ன்னு சொல்லுங்க, அதுதானே உண்மையும்கூட. காலையில தலைவலியோட எழுறாரா, ராத்திரி ரெண்டு மூணு தரம் பாத்ரூம் போறாரா, பிளட் பிரஷர் இருக்கா, டிவி பாக்கும்போதே தலை தொங்குதா, இதெல்லாம் ஒரு பேப்பர்ல குறிச்சு வையுங்க. அவரு வேன் ஓட்டுறாரு, தங்கச்சி. சிக்னல்ல நிக்கும்போது கண்ணு சொருகுதான்னு கண்டிப்பா கேளுங்க, ஆமான்னு சொன்னா தள்ளிப்போடவே கூடாது, டாக்டரைப் பாக்குற வரைக்கும் தூக்கக் கலக்கத்தோட வண்டிய எடுக்கக் கூடாது.

முதல்ல பாலிகிளினிக் (அரசாங்க மருந்தகம்) போங்க, அங்கேர்ந்து ரெஃபரல் லெட்டரோட ஆஸ்பத்திரிக்குப் போனா சலுகைக் கட்டணம் கிடைக்கும், நேரா ஸ்பெஷலிஸ்ட்கிட்ட பிரைவேட்டா போனா செலவு வேற மாதிரி. சிங்கப்பூர் பொது மருத்துவமனை, சாங்கி பொது மருத்துவமனை ரெண்டுலயும் தூக்கத்துக்குன்னே தனிப் பிரிவு இருக்கு. டெஸ்ட்டுன்னா பயப்பட வேண்டாம், ஊசி இல்ல, விரல்ல ஒரு கிளிப், நெஞ்சுல ஒரு பெல்ட், மூக்குல ஒரு சின்ன டியூப், அவ்வளவுதான், சிலருக்கு வீட்டுலயே மாட்டிக்கிட்டு தூங்கச் சொல்லுவாங்க.

கடுமையா இருந்தா சிபாப் மெஷின் சொல்லுவாங்க. 1981-ல ஆஸ்திரேலியாவுல காலின் சல்லிவன்னு ஒரு டாக்டர் கண்டுபிடிச்சது, மாஸ்க் வழியா லேசா காத்தைத் தள்ளி தொண்டை மூடாம பாத்துக்கும். மொதல் சில வாரம் பல பேர் மாஸ்க்கைப் பிடுங்கிப் போடுவாங்க, வார்டுல நைட் டூட்டி பாத்த காலத்துல நான் நிறைய பேரைப் பாத்திருக்கேன். பகல்ல டிவி பாக்கும்போது சும்மா மாட்டிப் பழகச் சொல்லுங்க, மூக்குக்கு மட்டும் வர்ற சின்ன மாஸ்க்கும் இருக்கு, கேட்டு மாத்திக்கலாம். லேசா இருந்தா கீழ்த்தாடையை முன்னாடி இழுத்துப் பிடிக்கிற பல் கருவி இருக்கு, பல் டாக்டர் அளவெடுத்து செய்வாரு. எடை கூடுதலா இருந்தா 10 சதவீதம் குறைஞ்சாலே மூச்சு நிக்கிறது ஏறத்தாழ கால்வாசி குறையும், நம்ம ஆளுங்களுக்கு பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு ஏத்த எடைக் கணக்கு, 23 தாண்டினாலே கவனமா இருக்கணும்.

அதுவரைக்கும் மல்லாந்து படுக்க விடாதீங்க, முதுகுக்குப் பின்னாடி நீளமான போல்ஸ்டரைக் கொடுத்து ஒருக்களிச்சுப் படுக்க வையுங்க. தலைக்கு மூணு தலகாணி அடுக்கினா கழுத்து மடங்கி இன்னும் மோசமாகும், தோள்ல இருந்தே உயரணும். பியர் குடிக்கிற பழக்கம் இருந்தா படுக்கப் போறதுக்கு நாலு மணி நேரம் முன்னாடியே நிறுத்தணும், தொண்டை இன்னும் தளர்ந்துடும். தூக்க மாத்திரை அவரா வாங்கிப் போடவே கூடாது. மூக்குல எண்ணெய் விடுற பாட்டி வைத்தியமும் வேண்டாம், அது நுரையீரலுக்குப் போனா வேற வினை.

சோபா விஷயத்துக்கு வர்றேன். நீங்க தூங்கணும், அதுல ரெண்டாவது பேச்சே கிடையாது. தூங்காம குழந்தையையும் வேலையையும் பாத்து ஒருநாள் நீங்க படுத்துட்டா குடும்பத்துக்கு அதுதான் ஆகாது. சோபாவுல முதுகு போயிடும், ஒரு மடிப்பு மெத்தை வாங்கி பொண்ணு ரூம்லயே போட்டுக்குங்க. மாமியார்கிட்ட அந்த ரெக்கார்டிங்கைக் கேக்க வையுங்க, பெத்தவங்க, மகனுக்கு மூச்சு நிக்குதுன்னு தெரிஞ்சா ஆஸ்பத்திரிக்குக் கிளப்புறதே அவங்களாத்தான் இருக்கும்.

கேள்வி: அக்கா, நான் துவாஸ் பக்கம் வெளிநாட்டு ஊழியர் டார்மெட்ரில (தங்கும் விடுதி) இருக்கேன், ரூமுக்கு பன்னிரண்டு பேர், டபுள் டெக்கர் கட்டில். எனக்கு நேர் கீழ படுக்குற அண்ணன் மதுரைப் பக்கம், தங்கமான மனுஷன், ஆனா குறட்டை விட்டா கட்டிலே அதிருது. மத்தவங்க செருப்பைத் தூக்கிப் போடுறாங்க, எனக்கு அது மனசுக்குக் கஷ்டமா இருக்கு. காலையில அஞ்சு மணிக்கு லாரி, தூக்கம் இல்லாம உயரத்துல ஏறி வேலை செய்யப் பயமா இருக்கு.

பதில்: தம்பி, அந்த அண்ணனுக்காக உங்க மனசு கஷ்டப்படுதே, நல்லா இருங்க. தூங்குறவருக்கு மேல செருப்பு விழுந்தா அவரும் முழிக்கிறாரு, மறுபடி படுத்தா அதே குறட்டைதான், யாருக்கும் லாபம் இல்ல.

மொதல்ல தலகாணியை மாத்திப் போடுங்க, அவர் தலை இருக்கிற பக்கம் உங்க கால் வர்ற மாதிரி. கட்டில் நீளத்துக்கு உங்க காது தள்ளிப்போகும், அதுலயே வித்தியாசம் தெரியும். சுவரு மூலையில இருக்கிற கட்டிலை அவருக்குக் கொடுக்க ரூம்ல எல்லாரும் பேசி முடிவு பண்ணுங்க. அப்புறம் ஃபோம் இயர்பிளக், கார்டியன், வாட்சன்ஸ் மாதிரி மருந்துக்கடை எதுலயும் கிடைக்கும். நிறைய பேர் அதைச் சும்மா காது வாசல்ல சொருகிட்டு சத்தம் அப்படியேதான் கேக்குதுன்னு சொல்லுவாங்க, அப்படி வைக்கக் கூடாது. சுத்தமான கையில விரலால உருட்டி மெல்லிசு திரி மாதிரி ஆக்கிக்குங்க, எதிர்ப்பக்கக் கையைத் தலைக்கு மேல கொண்டுபோய் காது மடலை மேலயும் பின்னாடியும் இழுங்க, உள்ள விட்டு அரை நிமிஷம் விரலால பிடிச்சிக்கிட்டே இருங்க, அது உள்ளயே விரிஞ்சு அடைக்கும். முழு சத்தமும் போகாது, தூங்குற அளவுக்குக் குறையும். அழுக்கானா தூக்கிப் போட்டுடுங்க, காது வலிச்சா சீழ் வந்தா போடவே போடாதீங்க. காலைல அலாரம் கேக்காதேன்னு பயந்தா வைப்ரேட் ஆகுற சீப்பான வாட்ச் கையில கட்டிக்குங்க. பக்கத்துல ஒரு டேபிள் ஃபேன் ஓடினாலும் அந்த ஒரே மாதிரி சத்தத்துல குறட்டை அமுங்கிப்போகும்.

அண்ணனையும் டாக்டர்கிட்ட அனுப்புங்க. வேலை பர்மிட்காரங்களுக்கு 2022 ஏப்ரல்ல இருந்து முதலாளி வாங்கித்தர்ற பிரைமரி கேர் பிளான் (அடிப்படை வைத்தியத் திட்டம்) இருக்கு, மெடிக்கல் சென்டர்ல போய் அஞ்சு வெள்ளிதான் (டாலர்) கட்டுவீங்க. மூச்சு நிக்குறத நீங்க பாத்திருந்தா கூடவே போய் டாக்டர்கிட்ட சொல்லுங்க, அவருக்கு அது தெரியாது இல்லையா. வெறும் மூக்கடைப்புன்னா அதுக்கு மருந்து இருக்கு, ஆனா கடையில வாங்குற மூக்கடைப்பு ஸ்ப்ரேயை நாலஞ்சு நாளுக்கு மேல அடிக்க விடாதீங்க, நிறுத்தினதும் முன்னைவிட அடைக்கும். மெத்தைத் தூசிப்பூச்சியாலயும் மூக்கு அடைக்கும், நம்ம ஊர் ஈரத்துல அது ரொம்ப அதிகம், பெட்ஷீட்டை வாராவாரம் சுடுதண்ணில துவைங்க.

உயரத்துல வேலைன்னு சொன்னீங்களே, ராத்திரி சுத்தமா தூங்கலன்னா காலையில சூப்பர்வைசர்கிட்ட வெளிப்படையா சொல்லி அன்னைக்குத் தரையில வேலை கேளுங்க தம்பி, கேக்குறதுல கூச்சம் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: அக்கா, குறட்டை விடுறதே நான்தான். வயசு 53, மாதவிலக்கு நின்ன பிறகுதான் இது வந்தது. சொந்தக்காரங்க எல்லாம் டிசம்பர்ல மலேசியாவுல கேமரன் மலைக்குப் போறோம், ஒரே ரூம்ல நாலு பொம்பளைங்க. பொம்பள குறட்டை விடுறதான்னு சிரிப்பாங்களோன்னு வரலன்னு சொல்லிடலாமான்னு இருக்கேன். - செங்காங் வாசகி

பதில்: போங்கம்மா, கட்டாயம் போங்க. ஹார்மோன் குறைஞ்சதும் தொண்டைத் தசை தளர்றது உடம்போட இயல்பு, இதுல வெக்கப்பட ஒண்ணுமே இல்ல. கூட வர்றவங்ககிட்ட கிளம்புறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க, ஆளுக்கு ஒரு ஜோடி இயர்பிளக் வாங்கிட்டுப் போங்க, சுவர் ஓரக் கட்டிலை எடுத்துக்குங்க, ராத்திரி சாப்பாட்டை சீக்கிரம் முடிச்சிட்டு ஒருக்களிச்சுப் படுங்க, அவங்க தூங்கினப்புறம் நீங்க படுத்தா இன்னும் நல்லது.

ஆனா டிசம்பருக்கு முன்னாடியே ஒரு தடவை பாலிகிளினிக் போயிட்டு வாங்க. பொம்பளைங்களுக்கு இந்த மூச்சு நிக்கிற வியாதி பெரிய குறட்டையா தெரியாம வெறும் அசதி, தூக்கம் வராம புரள்றது, காலைத் தலைவலின்னு மட்டும்கூட வரலாம், நாமளும் வயசாயிடுச்சுன்னு விட்டுடுவோம். தைராய்டு குறைஞ்சாலும் குறட்டை வரும், அதுக்கு ரத்த டெஸ்ட் எடுக்கணுமான்னும் டாக்டர்கிட்ட கேட்டுடுங்க.